பட்டுச்சு

கயத்தாறு மகளிர் கபடி அணி இந்த ஆண்டு தேறாது என்று சொல்ல ‘முன்னாடி’க்கு நான்கு நிமிடம் பிடித்தது. அதை அணியிடம் சொல்ல சிந்துஜாவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

முன்னாடி என்பது ஒரு கணிப்பொறியின் பெயர். கண்ணாடிக்கு ஆடி என்று இன்னொரு பெயர் உண்டல்லவா? வரப்போவதை முன்கூட்டியே காட்டும் ஆடி என்று நினைத்துத்தான் அதைச் செய்தவர்கள் பெயர் வைத்தார்கள். ஆட்டக்காரிகளோ அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். “நமக்கு முன்னாடியே ஆடி முடிச்சிருதுல்லா, அதான் முன்னாடி” என்றார்கள். அதிலும் தப்பில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரியின் ஓட்டம், மூச்சு, பிடி, தயக்கம் எல்லாவற்றையும் ஒரு வாரம் அளந்து, அவளைப் போலவே ஒரு பிம்பத்தை உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். பிறகு எல்லா அணிகளின் பிம்பங்களையும் மோதவிட்டு, வரப்போகும் தொடரைப் பத்தாயிரம் தடவை ஆடிப் பார்த்துவிடும். தென்னக மகளிர் கபடித் தொடருக்கு விண்ணப்பிப்பவை பன்னிரண்டு அணிகள், இடம் பத்துக்குத்தான். எந்த இரண்டு அணிகள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை மூன்று வருடமாக முன்னாடிதான் முடிவு செய்கிறது. மதிப்பீட்டாளர் நேரில் போய் அளந்து, அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: தேறும், அல்லது தேறாது.

கயத்தாற்றுக்கு வந்த மதிப்பீட்டாளர் சிந்துஜாவுக்கு வயது முப்பத்தெட்டு. செய்யாறு பக்கம் பிறந்தவள். எதையும் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். கயத்தாற்றில் அவளுக்கு இது ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை சென்னைக்குப் போயாக வேண்டும்.

பயிற்சி மைதானம் காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது. பக்கத்திலேயே மூன்று இராட்சதக் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பயிற்சியாளர் செல்லையா பிளாஸ்டிக் நாற்காலியை சிந்துஜா பக்கம் தள்ளினார். கேப்டன் முப்பிடாதி மண்ணிலேயே சம்மணம் போட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது, அந்தக் காத்தாடிகளின் மேலே ஏறிப் பழுது பார்க்கிற வேலை. எண்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறவளுக்குத் தரையில் யாரைப் பார்த்தும் பயம் இல்லை.

“சொல்லுங்க மேடம். பெட்டி என்ன சொல்லுது?”

“பன்னிரண்டுல பதினோராவது இடம்” என்றாள் சிந்துஜா.

செல்லையா தலையில் கை வைத்துக்கொண்டார். முப்பிடாதி சிரித்தாள். “அப்ப எங்களுக்குக் கீழயும் ஒரு டீம் இருக்கா? யாரு மேடம் அந்தப் புண்ணியவதிக?”

“ஏட்டி, வெளயாடாத” என்றார் செல்லையா. “மேடம், இந்த வருசம் சீட்டு இல்லன்னா டீமே இல்ல, பாத்துக்கிடுங்க. தொடர்ல ஆடுதோம்னு சொல்லித்தான் பாதிப் பிள்ளைகளுக்கு வேலையில லீவு குடுக்காங்க. நாலு பிள்ளைகள அதச் சொல்லித்தான் வீட்டுல கல்யாணம் பேசாம விட்டு வச்சிருக்காங்க. ஒரு வருசம் நின்னா ஆளுக்கொரு பக்கம் போயிருவாளுவ. பெறகு கூட்டிச் சேக்கவே முடியாது.”

“அதனாலதான் சார், ஏன்னு பார்த்தேன்” என்றாள் சிந்துஜா. தாளை விரித்தாள். “ஓட்டத்துல நீங்க ரெண்டாவது. பிடியில முதலிடம். எந்த அணிக்கும் உங்க பிடி கிடையாது. அப்படியும் போன தொடர்ல பதினெட்டு ஆட்டத்துல பதினஞ்சு தோல்வி. அதுல பத்து, மூணு புள்ளிக்குள்ள தோத்தது.”

“அதிர்ஷ்டம் இல்ல” என்றார் செல்லையா.

“அதிர்ஷ்டம் இல்லை சார். அம்பத்திரண்டு தடவை நடுவர் பார்க்காத தொடுகைக்கு உங்க பொண்ணுங்களே கையைத் தூக்கி வெளியே போயிருக்காங்க. மத்த ஒன்பது அணியும் சேர்ந்து மூணு தடவை, அதுவும் தொடரோட கடைசியில.”

கபடியில் சில தொடுகைகள் உண்டு. பாடி வருகிறவளின் விரல் நுனி, பிடிக்க நிற்பவளின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மயிரிழை உரசும். நடுவருக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியாது. தொட்டவளுக்கே பல நேரம் தெரியாது. பட்டவளுக்கு மட்டும் தெரியும். கயத்தாறுப் பெண்கள் அந்த நொடியே “பட்டுச்சு!” என்று கத்திக் கையைத் தூக்கிவிடுவார்கள்.

“பட்டுச்சுன்னா பட்டுச்சுதான மேடம்?” என்றாள் முப்பிடாதி. வாதத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை.

“மத்தவங்க யாரும் சொல்றதில்லையே?”

“இங்கன விசில் ஊதிப் பாருங்களேன்.” அவள் மேலே சுற்றிய இறக்கையைக் காட்டினாள். “காதுல விழுமா? நடுவரக் கொண்டாந்து நிறுத்துனாலும் அவர் வாயசைக்கதத்தான் பாக்கணும். அதனால பட்டவ கத்துவா, பக்கத்துல நிக்கவ கேப்பா. எட்டு வருசமா அப்படித்தான் ஆடுதோம். வெளியூர்ல போயி வாய மூடச் சொன்னா மூடுமா?”

சிந்துஜா அன்று மதியம் சென்னைக்குப் பேசினாள். அவளுடைய மேலாளர் கார்முகிலன் கெட்டவர் இல்லை. பிரச்சினை என்றால் உடனே வழி சொல்வார், அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினையும்.

“இவ்ளோதானா? அந்தக் கை தூக்குறதைப் பழக்கப் பிழைன்னு போட்டுக் கழிச்சுடுங்க சிந்துஜா. திருத்தக்கூடிய பிழைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல டிக் அடிச்சா பிம்பம் கை தூக்காது. இப்பவே பண்ணுங்க, லைன்ல இருக்கேன்.”

செய்தாள். நான்கு நிமிடத்தில் கயத்தாறு மூன்றாவது இடத்துக்கு ஏறியது.

“பார்த்தீங்களா? தேறும்னு எழுதி அனுப்புங்க. அந்தப் பொண்ணுங்க கிட்ட வாயை மூடிட்டு ஆடச் சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது.”

செய்தி கேட்டு செல்லையா துள்ளிக் குதித்தார். முப்பிடாதி மட்டும் தாளை வாங்கி, நெற்றியைச் சுருக்கி, மேலும் கீழும் பார்த்தாள்.

“இதுல தேறுனது நாங்க இல்லையே மேடம். கையத் தூக்காத வேற ஏழு பேருல்லா.”

“நீங்களும் தூக்காம ஆடிட்டா நீங்கதானே?”

“சரி, ஆடித்தான் பாத்துருவோம்” என்று எழுந்தாள். “ஏட்டி ஷைனி! எல்லாரையும் வரச் சொல்லு. இன்னிக்கு யாரும் பட்டுச்சு சொல்லப்படாது. சொன்னவ பத்து ரவுண்டு ஓடணும்.”

அந்த ஆட்டத்தை சிந்துஜா வெகு காலம் மறக்கவில்லை. ஷைனி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். ரக்‌ஷிதாவுக்குத் தொடையில் பட்டது, “பட்...” என்று தொடங்கி, “பட்டாணி!” என்று முடித்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கால் மணி நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. பாடி வந்தவள் ஒவ்வொருத்தியும் நடந்தே வீட்டுக்குப் போவதுபோலத் தப்பித்துப் போனாள். கயத்தாற்றின் பெயர்பெற்ற பிடி, எங்கே போனதென்றே தெரியவில்லை.

“ஏன் பாய மாட்டேங்க?” என்று செல்லையா அலறினார்.

“யாருக்குப் பட்டுச்சுன்னு தெரியாம எப்பிடி சார் பாய?” என்று ஷைனி திருப்பிக் கத்தினாள். “பட்டவ சத்தம் குடுத்தாத்தான, இனி இவள விட்டா ஒரு ஆளு காலின்னு மத்த ஆறு பேரும் விழுவோம்? யாரையும் தொடாதவ மேல விழுந்து, அவ எங்களையும் தொட்டுட்டுப் போனா?”

சிந்துஜா பேனாவை மூடினாள். மூன்றாவது இடம் பொய். பத்து புள்ளியைக் கொண்டுவந்த வாயும், பத்து புள்ளியைக் கொண்டுபோன வாயும் ஒன்றேதான். முன்னாடிக்கு அவை இரண்டு தனித்தனிக் கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்தால் மற்றொன்று அப்படியே நிற்கும். மைதானத்தில் அப்படி நிற்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கை கழுவியிருப்பார்கள். சிந்துஜா விடுதி அறைக்குப் போய், முன்னாடியின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். அதில் நூற்றுப் பதினான்கு அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்து டிக் அடித்துக்கொண்டே வந்தாள். எழுபத்தாறாவது அமைப்பின் பெயர் ‘மறதி’.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பிம்பங்கள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று ஆடியதும் பார்த்ததும் இன்று நினைவிருக்காது. அதனால்தான் பத்தாயிரம் தொடர்கள் நான்கு நிமிடத்தில் முடிகின்றன. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘தனக்கென்று தனிப் பழக்கம் உள்ள அணியாயின், மறதியை நிறுத்திவிட்டு ஆடிப் பார்க்கவும். ஆகும் நேரம்: சுமார் நாற்பது மணி.’

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு மறதியை நிறுத்திவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினாள். திங்கள் மாலை மணி நாலே கால்.

புதன் காலை எட்டரைக்கு அது முடிந்தது. கயத்தாறு ஐந்தாவது இடம்.

முடிவை முப்பிடாதிக்குத்தான் முதலில் காட்டினாள். விடுதி வாசலில் வேலைக்குப் போகிற அவசரத்தில் இடுப்பில் கயிற்றுப் பட்டையோடு நின்றிருந்தாள் அவள்.

“முதல் ஏழு ஆட்டம் தோல்வி” என்றாள் சிந்துஜா. “எட்டாவது ஆட்டத்துல, எதிரணிப் பிம்பம் ஒண்ணு பட்டுச்சுன்னு கையைத் தூக்குது.”

“நாங்க சொல்லிக் குடுக்காமலேயா?”

“உங்க பிடியைப் பார்த்துட்டு. நீங்க சத்தம் கொடுத்ததும் ஆறு பேர் பாயறதை அவங்க ஏழு ஆட்டமா பார்க்கறாங்க. நமக்கும் அந்தப் பிடி வேணும்னு அவங்களும் சத்தம் கொடுக்க ஆரம்பிக்கறாங்க. வாயால சொன்னப்புறம் நடுவர்கிட்ட படலைன்னு சொல்ல முடியாதே? வெளியே போய்த்தான் ஆகணும். தொடர் முடியறப்போ பத்து அணியில ஆறு அணி கையைத் தூக்குது. அப்போ புள்ளி உங்களுக்கு மட்டும் போகலை. பத்தாயிரத்துல எட்டாயிரத்து முந்நூறு தடவை இப்படித்தான்.”

“களவாணிக” என்றாள் முப்பிடாதி, மிகுந்த திருப்தியோடு. “புடிய எடுக்க வந்து, நேர்மையையும் சேத்து எடுத்துட்டுப் போறாளுவ.” பிறகு சிந்துஜாவின் முகத்தைப் பார்த்தாள். “நல்ல சேதிதான மேடம்? உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?”

எண் போட்டு யோசித்துப் பழகிய சிந்துஜா, இதையும் அப்படியே சொன்னாள்.

“ஒண்ணு, மறதியை நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு அறிக்கையில எழுதணும். காரணம் இல்லாம மாத்தினா அறிக்கை செல்லாது. ரெண்டு, காரணம்னா கையேட்டுல இருக்கற அந்த வரிதான். மூணு, அந்த வரி மூணு வருஷமா அங்கேயேதான் இருக்கு. நான் படிக்கலை. இதுவரைக்கும் மூணு அணிக்குத் தேறாதுன்னு எழுதியிருக்கேன். மூணும் நாலு நிமிஷத்துல எழுதினது.”

“அந்த டீம்களுக்கும் ஏதாவது பழக்கம் இருந்துச்சா?”

“கறம்பக்குடின்னு ஒரு அணி. ஆட்டத்துக்கு ஒரு கேப்டன் மாத்துவாங்க. பன்னிரண்டு பேரும் முறை வச்சு. எனக்கு வேடிக்கையா இருந்தது, ஒரு ஓரத்துல எழுதிக்கூட வச்சேன். ஆனா டிக் அடிச்சிட்டுப் போயிட்டேன். இப்போ அந்த அணி இல்லை.”

காத்தாடிகள் இரைந்துகொண்டிருந்தன. முப்பிடாதி ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “எனக்கு நேரமாச்சு மேடம். மேல ஏறணும்” என்றவள், நாலடி போய்த் திரும்பினாள். “நீங்க எதையும் எழுதாண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன். எங்க சீட்டு அதுல தொங்குது, நான் சொன்னா நாயமா இருக்காது.”

கார்முகிலன் மட்டும் தாராளமாகச் சொன்னார்.

“சிந்துஜா, கேளுங்க. கயத்தாற்றுக்குத் தேறும்னு போடணும், அவ்ளோதானே? மூணாவது இடம்னு வந்த பழைய ஓட்டத்தையே அனுப்புங்க. டிக் அடிச்சது, நாலு நிமிஷம், சுத்தம். மறதியைப் பத்தி வாயே திறக்க வேண்டாம். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும் சார்.”

“உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

“அதான் சார்” என்றாள் சிந்துஜா. “பட்டவளுக்கு மட்டும்தான் தெரியும்.”

எதிர்முனையில் கார்முகிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கடிதத்தை எழுதி, மாலை நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு அனுப்பினாள்.

‘தொடர்க் குழுவின் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

1. கயத்தாறு அணி தேறும். இடம்: ஐந்து. மறதி நிறுத்தப்பட்டு நாற்பது மணி நேரம் ஓட்டிய முடிவை இணைத்துள்ளேன்.

2. திருத்தக்கூடிய பிழை என்று கழித்தால் இதே அணி மூன்றாம் இடம் பெறும். அந்த முடிவு தவறு. அதை மைதானத்தில் நேரில் பார்த்து உறுதி செய்தேன். யாரும் பயன்படுத்த வேண்டாம்.

3. கையேட்டின் எழுபத்தாறாம் அமைப்பை நான் இதற்கு முன் படிக்கவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் தேறாது என்று கையெழுத்திட்ட மூன்று அறிக்கைகளும் அதனால் பிழையானவையாக இருக்கலாம். அவற்றை மீண்டும் ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானாகத் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
சிந்துஜா.’

பதில் ஆறாம் நாள் வந்தது. கயத்தாற்றுக்கு இடம் கிடைத்தது. மூன்று பழைய அறிக்கைகளும் மறு ஓட்டத்துக்குப் போயின. சிந்துஜாவை மதிப்பீட்டுப் பணியிலிருந்து விடுவித்து, வேலை முடிந்தது என்ற கடிதத்தையும் அனுப்பியிருந்தார்கள். கறம்பக்குடியின் முடிவு அடுத்த வாரம் தெரிந்தது: நான்காவது இடம் வந்திருக்க வேண்டிய அணி. அவள் அந்தப் பன்னிரண்டு பேரின் முகவரிகளையும் தேடி எடுத்து, பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். இருவர் பதில் போட்டார்கள். ஒருத்தி திட்டியிருந்தாள். இன்னொருத்தி, இப்போது ஆட ஆள் சேர்த்தால் எந்த வருடத் தொடருக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டிருந்தாள்.

தொடரின் முதல் ஆட்டம் திண்டுக்கல்லில் நடந்தது. சிந்துஜா மதிப்பீட்டாளர் அட்டை எதுவும் இல்லாமல் மற்றவர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனாள். எதிரணி போன வருடச் சாம்பியன். கயத்தாறு மூச்சுப் பிடித்து ஆடியது, இருபத்தேழுக்கு முப்பத்தொன்று என்று தோற்றது. ஆட்டத்தில் ஐந்து தடவை “பட்டுச்சு!” கேட்டது. ஐந்தும் கயத்தாற்றுக் குரல்தான்.

முடிந்ததும் முப்பிடாதி வேர்க்க விறுவிறுக்க தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

“ஒண்ணு கழிஞ்சுது யக்கா. இன்னும் ஆறுதான்.” மேடம் எப்போது யக்கா ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை. “பிள்ளைகள்ட்ட ஏழுன்னு சொல்லல. தெரிஞ்சா ஏழையும் தோத்துட்டு வந்து நிப்பாளுவ. நான் மூணுலயே நிறுத்தலாம்னு பாக்கேன்.”

“முன்னாடி ஏழுன்னுதான் சொல்லுது.”

“அது சொல்லும். அதுக்கென்ன, அது எங்க கூட இன்னும் ஆடலையே.” தண்ணீரைக் குடித்தவள் குரலைத் தாழ்த்தினாள். “முப்பத்தெட்டாவது நிமிசம் பாத்தியளா? நான் பாடிப் போனப்ப, அவங்க வலது ஓரத்துல நின்னவள?”

“பார்த்தேன். நீ தொட்ட மாதிரி தெரியலை. நடுவரும் இல்லைன்னுட்டாரே.”

“எனக்கும் தெரியல. ஆனா அவ கை பாதி வரைக்கும் மேல வந்துச்சு.”

“வந்தது. காதுக்கிட்ட கொண்டுபோய் முடியை ஒதுக்கிக்கிட்டா. நான் நல்லா கவனிச்சேன். அதை எண்ணிக்கையில சேர்க்க முடியாது முப்பிடாதி.”

எதிரணிப் பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வலது ஓரத்துக்காரி கடைசியாகப் போனாள். முப்பிடாதி மோவாயால் அவளைக் காட்டினாள்.

“அவ தலையப் பாருங்க யக்கா” என்றாள். “ஒட்ட வெட்டுன கிராப்பு. ஒதுக்க அங்க முடி எங்க இருக்கு?”